எந்தப் பிரிவின் கீழ்? அதிகாரத்தை எழுத்தில் கேட்கும் முறை

அரசு அலுவலர் ஒருவர் நம்மை ஒன்றைச் செய்யச் சொல்லும்போதும், செய்யக் கூடாது என்று தடுக்கும்போதும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் எழுதப்பட்ட சட்டப் பிரிவு ஒன்று இருந்தாக வேண்டும். குடிமக்கள் தம் அன்றாட வாழ்க்கையை நடத்த யாரிடமும் ஆதாரம் காட்ட வேண்டியதில்லை; சட்டம் தடுக்காத எதையும் அவர்கள் செய்யலாம். அரசின் நிலை இதற்கு நேர்மாறானது: சட்டம் கொடுக்காத எதையும் அது செய்ய முடியாது. அரசின் அதிகாரம் அளவோடு இருக்க வேண்டும் என்னும் சுதந்திரவாதிகள் வரி முதல் நாணயம் வரை எத்தனையோ விஷயங்களில் தமக்குள் மோதிக்கொண்டாலும் இந்த ஒன்றில் அவர்களிடையே பேதம் இல்லை. இந்திய அரசமைப்பும் இதைப் பல இடங்களில் வெளிப்படையாகச் சொல்கிறது. சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்பது 21ஆம் உறுப்பு. சட்ட அதிகாரமின்றி வரி விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்பது 265. சட்ட அதிகாரமின்றி ஒருவரின் சொத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது 300அ.

அளவான அரசு என்ற எண்ணமே மேற்கிலிருந்து இறங்கிய சரக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல். ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சி, அன்றைய நிர்வாகத்தைப் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று சாடியது. 1967 தேர்தலில் அக்கட்சி மக்களவையில் பிடித்த 44 இடங்களில் திருநெல்வேலித் தொகுதியும் ஒன்று. தி.மு.க. கூட்டணியின் பலம் அதில் பெரும்பங்கு என்பதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும், அரசு நம் வீட்டு நடை வரைக்கும் வந்து நிற்கலாமா என்ற கேள்வி இந்தத் திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதன்று.

அந்தக் கேள்வியை மேடையில் அல்லாமல் தாலுகா அலுவலகத்திலும் ஸ்டேஷனிலும் ரத வீதியிலும் கேட்பது எப்படி என்பதை இனிப் பார்ப்போம். சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே செயல்தான்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று பணிவாகக் கேட்பது, கேட்டதற்குச் சான்று வைத்துக்கொள்வது.

விட வேண்டிய பழக்கம்

நம் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் வந்தால் முதலில் நடப்பது, அதைப் படிப்பது அல்ல, ஆள் பிடிப்பது. தெரிந்த கவுன்சிலர், ஜாதிச் சங்கத்தின் மாவட்டப் பொறுப்பாளர், ஒன்றியச் செயலாளரின் மச்சினன் என்று தேடிப்போய், "அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று நிற்கிறோம். அண்ணாச்சியும் ஒரு போன் போடுகிறார். காரியமும் சில நேரம் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் போனால் அந்த அலுவலரின் அதிகாரத்துக்கு வரம்பு எதுவும் விழவில்லை. சட்டப்படி அவர் செய்திருக்கவே கூடாத ஒன்றை, அவர் நமக்குக் காட்டிய தயவாக நாமே மாற்றிக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த வாரம் ஆள் இல்லாத ஒருவர் அதே மேசைக்கு முன் நிற்பார். அவருக்கு அந்தத் தயவு கிடைக்காது. சிபாரிசும் லஞ்சமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது என் கருத்து. இரண்டுமே, அந்த அலுவலருக்கு இந்த அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

எதிர்மறையான பழக்கம் ஒன்றும் உண்டு. செல்போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே அலுவலரிடம் குரலை உயர்த்துவது. அது வலைத்தளத்தில் பார்க்க நன்றாக இருக்கலாம். வழக்கென்று வரும்போது பணி செய்யவிடாமல் தடுத்ததாக ஒரு பிரிவு கூடுதலாக நம் மேல் விழுவதற்கே பெரும்பாலும் உதவும். சம்பவ இடத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். உடல் பலத்தால் எதிர்ப்பு காட்டவே வேண்டாம். கேள்வியைக் கேளுங்கள், பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் எழுத்தில் தொடருங்கள்.

காகிதத்தைப் படிப்பது

தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கடிதங்களுக்கு நிலையான ஒரு உருவம் உண்டு. மேலே அலுவலகத்தின் பெயரும், கோப்பைக் குறிக்கும் ந.க. எண்ணும் நாளும் இருக்கும். அதன் கீழே 'பொருள்' என்ற வரியும், அடுத்து 'பார்வை' என்ற வரியும் இருக்கும். பெரும்பாலோர் பொருளைப் படித்துவிட்டு நேரே கடைசிப் பத்திக்குத் தாவி, எத்தனை நாளுக்குள் என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துப் பதறுகிறார்கள். நீங்கள் நிற்க வேண்டிய இடம் பார்வை. இந்த உத்தரவு எதன் அடிப்படையில் பிறந்தது என்பதை அலுவலர் அங்கேதான் தம் கையால் எழுதியிருப்பார். அங்கே ஒரு சட்டமும் பிரிவும் இருக்கிறதா, அல்லது 'மேலிட வாய்மொழி அறிவுரை', 'பொதுமக்கள் புகார் மனு' என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். புகார் மனு ஒரு விசாரணையைத் தொடங்கி வைக்கலாம்; உங்கள் சுவரை இடிக்கும் அதிகாரத்தை அது யாருக்கும் கொடுக்காது.

அடுத்து, காட்டப்பட்டிருப்பது எந்தத் தரத்து ஆவணம் என்று பாருங்கள். அரசமைப்பின் கீழே சட்டம், சட்டத்தின் கீழே விதி, விதியின் கீழே அரசாணை, எல்லாவற்றுக்கும் அடியில் சுற்றறிக்கை என்பதே வரிசை. கீழே இருப்பது மேலே இருப்பதை மீற முடியாது. ஒரு சுற்றறிக்கை, சட்டத்தில் இல்லாத கட்டணத்தையோ தண்டத்தையோ புதிதாக உண்டாக்கவும் முடியாது. ஊராட்சியில் வீட்டு வரி ரசீதோடு சேர்த்து 'நன்கொடை' என்று ஒரு தொகையைக் கேட்டால், அது உண்மையிலேயே நன்கொடையா, வேண்டாம் என்றால் வரி ரசீது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். 265ஆம் உறுப்பு வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான்.

கையெழுத்து, பதவி முத்திரை, நாள் ஆகிய மூன்றும் இல்லாத காகிதத்துக்குப் பதில் எழுதும்போது, அவை இல்லை என்பதையே முதல் வரியாக எழுதுங்கள். பதில் மனு நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி ஒரு பத்தி போதும்: "பார்வையில் காணும் தங்கள் குறிப்பாணை இன்ன நாளில் எனக்குக் கிடைத்தது. அதில் கண்ட நடவடிக்கை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் எடுக்கப்படுகிறது என்பதையும், அதன் மீது மேல்முறையீடு செய்ய வேண்டிய அலுவலர் யார் என்பதையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பதில் கிடைக்கும் வரை மேல்நடவடிக்கையை நிறுத்தி வைக்க வேண்டுகிறேன்." இதை நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் நாளும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றே, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது கிடைக்கும்; அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

"சும்மா ஸ்டேஷன் வரை வந்துட்டுப் போங்க"

சுதந்திரம் என்பது பேச்சிலிருந்து உடம்புக்கு இறங்குவது ஸ்டேஷன் வாசலில்தான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். குற்றவியல் நடைமுறையில் 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் எண்களை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் புதியவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

விசாரணைக்கு அழைக்கப் போலீசுக்குச் சட்டம் இரண்டு வழிகளைக் கொடுத்திருக்கிறது. உங்களைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் 179ஆம் பிரிவின் கீழ் எழுத்துப்பூர்வமான உத்தரவு தர வேண்டும். நீங்கள் அந்த ஸ்டேஷன் எல்லையிலோ அடுத்த ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவராகவும் இருக்க வேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். தாமாக விரும்பினால் அவர்கள் ஸ்டேஷனுக்குப் போகலாம். உங்கள் மீதே சந்தேகம் என்றால், கைது தேவைப்படாத வழக்குகளில் 35(3) பிரிவின் கீழ் நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸின்படி நீங்கள் ஆஜராகிக்கொண்டிருக்கும் வரை, காரணத்தை எழுதி வைக்காமல் உங்களைக் கைது செய்ய முடியாது. இந்த நோட்டீஸை வாட்ஸாப்பில் அனுப்புவது முறையாகச் சேர்ப்பித்தது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

எனவே போனில் அழைப்பு வந்தால் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஏட்டையா, கண்டிப்பா வாரேன். எந்தக் கேஸு, எந்தப் பிரிவுன்னு ஒரு சம்மன் எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா வக்கீலைக் கூட்டிக்கிட்டு வந்துருதேன்." இதில் மறுப்பு இல்லை, அவமரியாதை இல்லை, தயங்குவதற்கும் ஒன்றுமில்லை. எழுதிக் கொடுக்கும் வேலை தங்கள் மேல் விழுந்ததும் பாதி அழைப்புகள் அத்தோடு நின்றுவிடும். கொடுக்கல் வாங்கல், வாய்க்கால் தகராறு, பாகப்பிரிவினை போன்ற உரிமையியல் விவகாரங்களில் ஒரு தரப்புக்காக மற்றொரு தரப்பை 'பேசி முடிக்க' அழைப்பதற்குப் பிரிவு எதுவும் கிடையாது என்பதே அதற்குக் காரணம்.

ஸ்டேஷனில் எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணையின்போது போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் அதைக் கொடுத்தவர் கையெழுத்திட வேண்டியதில்லை என்று 181ஆம் பிரிவே சொல்கிறது. வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். எழுதப்பட்ட காகிதத்தில் போட நேர்ந்தால் நாளையும் நேரத்தையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லக் கட்டாயம் இல்லை என்பது அரசமைப்பின் 20(3).

கைது என்றே ஆகிவிட்டால், அந்த நேரத்தில் ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டியவை சிலவே. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். அதை எழுத்தில், புரியும் மொழியில் தர வேண்டும் என்ற திசையிலேயே உச்ச நீதிமன்றத்தின் அண்மைத் தீர்ப்புகள் செல்கின்றன. கைதுக் குறிப்பில் குடும்பத்தினர் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். நீங்கள் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். விசாரணை முழுவதிலும் இல்லாவிட்டாலும் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். இது 38ஆம் பிரிவு. மருத்துவப் பரிசோதனை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். பொழுது சாய்ந்த பின் விடியும் வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழலில் பெண் காவல் அதிகாரி ஒருவர், காரணத்தை எழுதி, நடுவரின் முன் அனுமதி பெற்றே செய்யலாம். 60 வயதைக் கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்காகக் கைது செய்ய டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் தேவை என்பதை எழுதி வைக்காமல் இயந்திரம்போலக் கைது செய்யக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லப்பட்டது இன்றும் செல்லும்.

இத்தனையும் காகிதத்தில் இருந்தும் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சாத்தான்குளம் நினைவுக்கு வரும். 1986 வரை அந்த ஊரும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் அடிக்கப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். கடை மூடும் நேரத்தைப் பற்றிய உத்தரவு எத்தனை சிறிய அதிகாரம் என்பதை யோசித்துப் பாருங்கள். இடையில் மருத்துவரின் தகுதிச் சான்றும் இருந்தது, நடுவரின் ரிமாண்ட் உத்தரவும் இருந்தது. காப்பாற்ற வேண்டிய இரண்டு இடங்களும் வெறும் சடங்காகிப்போயின. ஸ்டேஷன் கேமராவின் பதிவுகள் அன்றன்றே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற நடுவர் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். நிலைத்து நின்றவை மூன்று: மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்தது, நடுவர் நேரில் போய் விசாரித்தது, அந்த ஸ்டேஷனிலேயே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் கண்டதைச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேமரா இருக்க வேண்டும் என்றும், பதிவுகளை 18 மாதங்கள், எப்படிப் பார்த்தாலும் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இதிலிருந்து செய்முறையாக எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. அடி விழுந்திருந்தால் மருத்துவரிடமும் நடுவரிடமும் வாய் திறந்து சொல்லியே ஆக வேண்டும். நடுவர் கேட்கும் அந்த ஒரு நிமிடத்தில் பயந்து "ஒண்ணுமில்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டால் பிறகு எழுதப்படும் எந்த மனுவும் அதைத் தாண்டி வருவது கடினம். வெளியில் இருக்கும் உறவினர்கள் செய்ய வேண்டியது, அழைத்துச் சென்ற நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு, இன்ன ஸ்டேஷனின் கேமராப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று அன்றைக்கே எஸ்.பி.க்கும், மாநகர எல்லையானால் கமிஷனருக்கும், மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் மனு அனுப்புவது. நாள் கடந்து கேட்டால் கருவி பழுது என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

குற்றம் நடக்கும் முன்பே சிறை

சுதந்திரவாதப் பார்வையில் நம் சட்டப் புத்தகத்தின் மிகக் கறைபட்ட பக்கம் தடுப்புக் காவல். நிரூபிக்கப்பட்ட குற்றத்துக்காக அல்லாமல், இனிச் செய்யக்கூடும் என்ற ஊகத்துக்காக ஒருவரை அடைத்து வைக்கும் அதிகாரம் அது. தமிழ்நாட்டில் 'குண்டாஸ்' என்று எல்லோரும் அழைக்கும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம் கலெக்டரின் அல்லது போலீஸ் கமிஷனரின் ஆணையால் ஒருவரை 12 மாதங்கள் வரை அடைக்க வழி செய்கிறது. கள்ளச் சாராயக்காரர்களுக்கும் ரவுடிகளுக்கும் என்று தொடங்கிய சட்டத்தில் பிறகு திருட்டு வீடியோ, மணல் கடத்தல், இணையக் குற்றம் எல்லாம் ஏறிக்கொண்டன. ஒருமுறை கொடுத்த அதிகாரம் சுருங்குவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

வீட்டில் ஒருவர் மேல் குண்டாஸ் போடப்பட்டால், அடிப்படைக் காரணங்களும் அவற்றுக்கான ஆவணங்களும் 5 நாட்களுக்குள் அவர் கைக்கு வந்ததா என்று முதலில் பாருங்கள். அவற்றின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டுங்கள். எழுத்துத் தெரியாத நகல், ஆங்கிலத்தில் மட்டும் உள்ள பக்கம், விடுபட்ட பக்கம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பயனுள்ள முறையில் முறையீடு செய்யும் உரிமை அரசமைப்பின் 22(5) உறுப்பில் இருப்பதால், இத்தகைய குறைகளுக்காகவே உயர் நீதிமன்றம் ஆணைகளை ரத்து செய்வது வாடிக்கை. முறையீட்டைக் காவல் ஆணையிட்டவருக்கும் அரசுக்கும் உடனே அனுப்புங்கள். அதைப் பரிசீலிப்பதில் காரணம் கூறப்படாத தாமதம் ஏற்பட்டால் அதுவும் ரத்துக்குக் காரணமாகும். 3 வாரங்களுக்குள் ஆலோசனைக் குழுமத்துக்கு விவரம் போக வேண்டும். அங்கே வக்கீல் வாதாட முடியாது என்பதால் சொல்ல வேண்டியதை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். இணையாக மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவும் தாக்கல் செய்யலாம்.

இதன் தம்பிதான் நன்னடத்தைப் பிணை. பழைய 107, 110 என்பவை இப்போது 126, 129. நம் மாவட்டங்களில் ஊருக்குள் ஒரு மோதல் நடந்தால், அதில் இருந்தவர் இல்லாதவர் எல்லோரையும் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. முன் நிறுத்திப் பிணைப் பத்திரம் எழுதி வாங்குவது நடைமுறையாகிவிட்டது. பத்திரத்தில் கையெழுத்திடும் முன் 130ஆம் பிரிவின் கீழான ஆணையின் நகலைக் கேளுங்கள்; உங்களைப் பற்றி வந்த தகவலின் சாரம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நகல் இல்லாமல் போடும் கையெழுத்து, பிறகு சின்ன வழக்கு வந்தாலும் சிறைக்கு வழி திறந்துவிடும். மாநகரங்களில் காவல் துணை ஆணையர்களுக்கே இந்த நிர்வாக நடுவர் அதிகாரத்தைக் கொடுத்திருந்த அரசாணைகளை 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றம் சாட்டும் துறையே தீர்ப்பும் எழுதலாகாது என்பதே அதன் சாரம்.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அடுத்த தெருப் பையன்கள் மேல் குண்டாஸ் பாயும்போது நம் தெருவில் மகிழ்ச்சி. நம் பையன்கள் மேல் பாயும்போது மனித உரிமை. இந்தச் சீமையில் ஜாதி மோதலுக்குப் பிறகு இரு பக்கமும் இதைக் கண்டிருக்கிறேன். எதிரிக்கு மறுக்கப்பட்ட நடைமுறை நமக்கு மட்டும் மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. ஆகவே அடுத்த தெருக்காரருக்கும் 130இன் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லிக் கொடுங்கள்.

கூட்டம், ஊர்வலம்

'163 போட்டிருக்கு' என்பது பழைய 144இன் புதிய பெயர். அந்த உத்தரவு எழுத்தில், காரணங்களோடு இருக்க வேண்டும். அதை வெளியிட வேண்டும். இரண்டு மாதங்களுக்கு மேல் செல்லாது, மாநில அரசு தனியாக நீட்டித்தால் தவிர. நியாயமான கருத்து வெளிப்பாட்டை அடக்க இதைத் தொடர்ந்து பிறப்பித்துக்கொண்டே போகக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், முந்தைய நாள் வரை காத்திராமல் மதுரைக் கிளைக்குப் போகக் கால அவகாசம் இருக்கும்படி விண்ணப்பியுங்கள். ஊர்வலம் என்றால் கலைந்து செல்லும் வழியையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தில் தடியடிக்குத் தப்ப வழியின்றித் தாமிரபரணியில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் மாண்ட ஊர் இது.

ரத வீதிக் கடையும் ஆற்றங்கரை வீடும்

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய வீதிகளிலும் பாளையங்கோட்டை மார்க்கெட்டைச் சுற்றியும் தரையில் சாக்கு விரித்துப் பனங்கிழங்கோ நுங்கோ விற்பவருக்கு 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் துணை. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கப்படும் வரை ஏற்கெனவே இருக்கும் வியாபாரிகளை அகற்றக் கூடாது. அகற்றவோ இடம் மாற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். கட்டணத்தைச் செலுத்திக் கேட்டால் அழுகும் பொருளை அன்றே, மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். வண்டியில் கிழங்கை அள்ளிப் போடும்போதே "பட்டியல் எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்பதே இங்கு முழுச் சூத்திரமும். எத்தனை கட்டு, என்ன விலை என்று பக்கத்துக் கடைக்காரரை வைத்து நீங்களும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாக்கு விரித்து விற்பதற்கே சான்றிதழ் வாங்கச் சொல்லும் சட்டத்தை ஒரு சுதந்திரவாதி முழு மனதோடு கொண்டாட மாட்டார். ஆனால் முன்னறிவிப்பில்லாத லாரியைவிட அது எவ்வளவோ மேல்.

இடிப்பு விஷயத்தில், காரணம் காட்டும் நோட்டீஸ் தந்து 15 நாட்களாவது கொடுக்காமல் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. ஆனால் சாலை, நடைபாதை, ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களின் ஆக்கிரமிப்புக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. தாமிரபரணிக் கரையிலோ குளத்துப் புறம்போக்கிலோ இருப்பவர்கள் அந்தத் தீர்ப்பை நம்பி உட்கார்ந்திருக்காமல், 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு நோட்டீஸ் முறையாக வந்ததா, நில அளவை நடந்ததா, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்பதையே பார்க்க வேண்டும்.

பிரிவு இருந்தாலே சரியாகிவிடுமா

ஆகாது. வ.உ.சி.க்கு 1908இல் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தபோது 124அ என்ற ராஜதுரோகப் பிரிவு கையில் இருந்தது. பிரிவைக் காட்டிவிட்டார்கள் என்றால், அந்தப் பிரிவே அரசமைப்பின் வரம்புக்குள் நிற்கிறதா என்பது அடுத்த கேள்வி. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்னும் 13ஆம் உறுப்பு அதற்குத்தான். இணையத்தில் எழுதியதற்காகப் பலரைச் சிறைக்கு அனுப்பிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் நீக்கியது. 124அவை 2022 மே மாதம் நிறுத்தி வைத்ததும் அந்தக் கேள்விதான். பழைய தண்டனைச் சட்டம் போய்விட்டாலும் அதன் வாரிசு பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 152ஆம் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. செல்லுபடியாகும் சட்டமும் தவறாக இருக்கலாம். 1987 முதல் கள் இறக்கத் தடை, பக்கத்திலேயே அரசின் மதுக்கடை என்ற நிலை உடன்குடியிலும் திசையன்விளையிலும் பனையேறுபவருக்கு எந்தத் தத்துவ நூலும் விளக்கத் தேவையில்லாத அநியாயம். ஆனால் அத்தகைய சட்டத்தை மாற்றும் இடம் சட்டமன்றம். பதநீர்க் கலயத்தை உடைக்க வருபவரிடம் கேட்க வேண்டியது, இது கள் என்பதற்கு மாதிரி எடுத்தீர்களா, பறிமுதலைப் பதிவு செய்யும் மகஜர் எங்கே என்பவைதான்.

பதில் வராதபோது

எழுதிக் கேட்டும் அலுவலகம் வாய் திறக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தை எடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டிய விண்ணப்பம் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்று கேட்காதீர்கள். கருத்தும் விளக்கமும் தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'ந.க. எண் இன்ன கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்', 'இன்ன நடவடிக்கைக்கு அதிகாரமளிக்கும் அரசாணையின் நகல்' என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்படி ஒரு ஆவணம் இல்லை என்று பதில் வந்தால் அதுவே நீதிமன்றத்தில் உங்களுக்கு மிகச் சிறந்த சான்று. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் பற்றியதானால் 48 மணி நேரம். வராவிட்டால் அதே துறையின் மேல் அலுவலரிடம் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது. தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை சொந்தப் பணத்திலிருந்து அபராதம் விழலாம் என்பதை மேல்முறையீட்டில் நினைவூட்டுவதில் தவறில்லை.

போலீஸ் புகாரை வாங்க மறுத்தால், அல்லது புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்திக்கொண்டு முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) போடாவிட்டால், 173(4) பிரிவின்படி எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பி, அதன் பிறகு நடுவரிடம் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலே 226ஆம் உறுப்பின் கீழ் மதுரைக் கிளையில் ரிட் மனு இருக்கிறது. 2004 ஜூலையில் அந்தக் கிளை திறக்கப்பட்டதால் இந்த மாவட்டங்களுக்குச் சென்னைப் பயணம் மிச்சமானது. ரிட் மனுவுக்கு வக்கீல் முதலில் கேட்பது, நீங்கள் கொடுத்த மனுவும் அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையும்தான். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களும், வருமானம் எதுவாக இருந்தாலும் பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் காவலில் இருப்பவர்களும், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் பெறலாம். அதற்கான தொலைபேசி எண் 15100.